தேடக் கூடாத வீடு

பூட்டிய கதவைப் பார்த்தால் சரசு பதறிவிடுவாள். உள்ளே ஏதோ நடந்திருக்கும் என்று நினைத்து அல்ல. அந்த வீட்டுக் குழந்தை கையை விட்டுப் போய்விட்டதோ என்று.

அவள் வேலை அப்படி. மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இயங்கிய ஆராய்ச்சி மையத்தில், தாயின் வயிற்றில் இருக்கும்போதே பதிவு செய்த குழந்தைகளைப் பதினெட்டு வயது வரைக்கும் விடாமல் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை உயரம், எடை, ரத்தம். கூடவே தாயிடம் கேள்விகள்: பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். நடுவில் ஒரு குழந்தை காணாமல் போனால் அதுவரை அளந்ததெல்லாம் பாதியில் நின்றுவிடும். வேறொரு குழந்தையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்த முடியாது. அதனால் யாரும் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் ஆள் தேவைப்பட்டது. சரசு அந்த ஆள்.

அவள் அப்பா குப்புசாமி கட்டட வேலைக்காகச் சேலம் பக்கமிருந்து வந்தவர். சரசு பிறந்தது, படித்தது, மாரிசாமியைக் கட்டிக்கொண்டு மேட்டகள்ளியில் குடித்தனம் வைத்தது எல்லாம் மைசூரில்தான். மாரிசாமி ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். சரசு படித்தது கன்னடப் பள்ளிக்கூடம்; தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் பேச உட்கார்ந்துவிட்டால் எந்த வீட்டில் எந்த மொழியோ அந்த மொழி. தெரியாத மொழிக்காரர் வீட்டில் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்; அதுவே பேச்சாகிவிடும்.

இந்தச் சர்வேயை விட்டுப் போகிறேன் என்று சொல்ல ஜனங்களுக்குக் காரணமா இல்லை? ரத்தம் எடுத்து எங்கேயோ விற்கிறார்கள் என்று ஒரு மாமியார் கிளப்பிவிடுவாள். வருஷா வருஷம் வந்து கேட்கிறீர்களே, எங்களுக்கு என்ன லாபம் என்று ஒரு தகப்பன் சண்டைக்கு நிற்பான். சரசு எதிர்த்துப் பேச மாட்டாள். போன வருஷம் குழந்தைக்கு ரத்தம் குறைவாக இருந்ததை இந்த மையம்தானே கண்டு சொன்னது என்று மெதுவாக ஞாபகப்படுத்துவாள். வீட்டில் சாவு என்றால் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஒவ்வொரு குழந்தையின் பிறந்த நாளுக்கும் போன் செய்வாள். மையத்தில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவளாகத் தொடங்கியதுதான்.

வீடு மாறிப் போனவர்களைத் தேடிப் பிடிப்பதிலும் அவளுக்கு ஒரு வழி இருந்தது. விலாசம் மாறும், போன் நம்பர் மாறும், ஆனால் ஒரு பெண் அவசரத்துக்கு யாரிடம் ஓடுவாள் என்பது லேசில் மாறாது என்பாள். அந்த ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். சரசு தேடிக் கிடைக்காத குடும்பம் கிடையாது என்று மையத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவளுக்கும் அந்தப் பெருமை உண்டு.

மைசூரிலேயே கேசரே பகுதியில் இருந்த அஷ்வினியை அவள் மறக்க முடியாமல் போனது இந்தப் பெருமையால்தான்.

அஷ்வினி கோபிநத்தம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மைசூர் வந்த வருஷமே கர்ப்பிணியாகச் சர்வேயில் சேர்ந்தாள். பிறந்தது பெண் குழந்தை, தீபா. புருஷன் மதன் சரக்கு ஆட்டோ ஓட்டினான். மரியாதையான ஆள். சரசு போனால் நாற்காலியைத் துடைத்துப் போடுவான், தானே டீ வாங்கி வருவான். ஆனால் அந்த வீட்டில் அஷ்வினியோடு தனியாகப் பேச முடியாது. கேள்வி அவளுக்கு, பதில் அவனிடமிருந்து வரும்.

"வீட்டுல உன்னைப் பயமுறுத்துற மாதிரி யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று ஒரு கேள்வி. தாயைத் தனியாக வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டும். அன்றைக்கு மதன் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். ஆனால் திரைச்சீலைக்குக் கீழே அவன் கால் விரல்கள் தெரிந்தன.

"அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க்கா" என்றாள் அஷ்வினி, அந்தக் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வருஷம் தீபாவைத் தூக்கி எடைக் கருவியில் நிறுத்த அவளால் முடியவில்லை. வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துபோட்டனுங்க்கா" என்றாள். சரசு இதை மையத்தின் டாக்டர் ஸ்ரீதேவியிடம் சொன்னாள். டாக்டர், பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பின் போன் நம்பரைக் கொடுத்தார். அடுத்த முறை பஸ் ஸ்டாப் வரை வழியனுப்ப வந்த அஷ்வினியிடம் சரசு அதைச் சொன்னாள். அஷ்வினி எதையும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. நம்பரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

தீபாவுக்கு எட்டு வயது நடக்கும்போது ஒரு நாள் சரசு கேசரேக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது.

மூன்றாம் நாள் மதனே மையத்துக்கு வந்தான். ஷேவ் செய்யாத முகம், சிவந்த கண்கள். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சரசுவின் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"அக்கா, எம் பொண்டாட்டி மகளைக் கூட்டிட்டு எங்கேயோ போயிட்டா. அவ ஊருக்கும் போயிட்டு வந்துட்டேன், அங்க இல்ல. சொந்தக்காரங்க வீடெல்லாம் போய் நோடிட்டேன், எங்கயும் காணல. உங்க சர்வேக்கு எப்படியும் வருவா இல்ல? உங்களுக்குத் தெரியாம போகாது. தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுப்பா. யாரைப் பத்தியும் யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். உன்னைப் பத்தி யாராச்சும் கேட்டாலும் அப்படித்தான்."

அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். சரசு இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய கோபத்தைப் பார்த்திருக்கிறாள். இது கோபம் மாதிரித் தெரியவில்லை. கடையில் ஒரு சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அதன் பிறகு தினமும் போன் செய்தான். "ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?" இல்லை என்பாள். ஒரு நாள் அந்தப் போன் நின்றது. விட்டது தொல்லை என்றுதான் சரசு நினைத்தாள். மேட்டகள்ளியில் அவள் தெருமுனையில் ஒரு சரக்கு ஆட்டோ நின்றிருந்ததைப் பார்த்தபோதும், மைசூர் முழுக்க ஓடுவது இந்த ஆட்டோதானே என்று கடந்து போனாள்.

தீபாவின் பிறந்த நாள் வந்தது. சரசு பழைய நம்பருக்குப் போன் செய்து பார்த்தாள், இணைப்பே இல்லை. மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்ததும் ஒரு சின்னக் குரல், ஏதோ பாத்திரத்துக்குள்ளிருந்து பேசுவது போல் அமுங்கிக் கேட்டது.

"சரஸ் ஆண்ட்டி, இவத்து என் பர்த்டே. இன்னிக்குன்னு மறந்துட்டீங்களா? ஏன் கால் பண்ணல?"

"தீபாக்கண்ணு! எங்கடா இருக்க?"

பின்னால் ஒரு பெண் அதட்டும் சத்தம். போன் கட்டாகிவிட்டது.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் ஆப் ஒன்று சரசுவின் போனில் இருந்தது. 'கௌரம்மா, நஞ்சன்கூடு பி.ஜி.' என்று அதில் பெயர் நின்றது. நஞ்சன்கூட்டு ஃபாக்டரிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் வீடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். சரசு திரும்பக் கூப்பிட்டாள். "இல்லி ஆ ஹெசரினவரு யாரூ இல்லா" என்று, அப்படிப் பெயருள்ளவர் யாரும் இங்கே இல்லை என்று, ஒரு முரட்டுக் குரல் சொல்லிவிட்டு வைத்தது. இருக்கிறார்கள் என்று சரசுவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

சரசு டாக்டர் ஸ்ரீதேவியிடம் விஷயத்தைச் சொன்னாள். எட்டு வயது அளவு எடுக்கும் காலம் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

"போய்ப் பாருங்க சரசு. ஆனா ஜாக்கிரதை. அஷ்வினி வேணாம்னு சொன்னா அந்த நிமிஷமே திரும்பிடுங்க."

மறுநாள் காலை சரசு சாமராஜநகர் போகும் பாசஞ்சரில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையில் தீபாவுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி. அசோகபுரத்தில் கூட்டம் ஏறியது. வெற்றிலைக் கூடைகளோடு நாலைந்து பெண்கள் வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். வெயில் இதமாக இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற நிறைவோடு அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடகோளாவில் வண்டி நின்றது. பின் பெட்டியிலிருந்து ஒருவன் பிளாட்பாரத்தில் இறங்கினான். அவன் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே வண்டியின் நீளத்துக்கும் பார்த்தான். யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தான். வண்டி அசைந்ததும் தாவி ஏறிக்கொண்டான்.

தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். ஆனாலும் அந்த நிற்கும் விதத்தை சரசுவுக்குத் தெரியும்.

இருக்காது என்று நினைத்தாள். தாண்டவபுராவில் வண்டி நின்றது. அதே ஆள், அதே மாதிரி இறங்கினான், பார்த்தான், ஏறினான். சரசு ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தெருமுனையில் நின்ற ஆட்டோ, திடீரென்று நின்றுபோன போன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தின. மதன் பெண்டாட்டியைத் தேடுவதை நிறுத்திவிட்டான். தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கும்போது அவன் எதற்குத் தேட வேண்டும்? அவள் பின்னால் வந்தால் போதும்.

அடுத்து நஞ்சன்கூடு.

இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். கோயிலுக்குப் போகிற மாதிரி போய்விட்டுத் திரும்பலாம். ஆனால் சின்ன ஊர். தீபா கடைத்தெருவில் நின்று, "சரஸ் ஆண்ட்டி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தால்? அந்தக் குழந்தை அப்படித்தான் ஓடி வரும். கேசரேயில் தெருக்கோடியில் அவள் தலை தெரிந்தாலே ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும்.

வண்டி நஞ்சன்கூட்டில் நின்றது. சரசு இடத்தை விட்டு அசையவில்லை. பிளாட்பாரத்துப் பக்கம் திரும்பவும் இல்லை. எதிர் ஸீட்டில் யாரோ விட்டுப்போன வாழைப்பழத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி எவ்வளவு நேரம் நின்றதோ, அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் நகர்ந்தது.

அதற்கடுத்த சின்ன ஸ்டேஷனில் பெட்டி மாறி வந்து அவள் எதிரே உட்கார்ந்தான் மதன். மாஸ்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நமஸ்காரக்கா. எங்க இவ்வளவு தூரம்?"

"சாமராஜநகர்ல ஒரு வீடு பாக்கணும்ப்பா."

"நானும் அங்கதான். ஒரு லோடு விஷயம்." புன்னகை செய்தான். "நஞ்சன்கூடு தாண்டறப்ப ஏன் அப்படி தலை குனிஞ்சு உக்காந்திருந்தீங்க? பிளாட்பாரத்துல நின்னு ஜன்னல் வழியா பாத்தேன். எல்லாரும் கோபுரம் பாக்க எட்டிப் பாப்பாங்க. நீங்க மட்டும் பாக்கல."

சரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் மடியிலிருந்த போன் அடித்தது. திரையில் பளிச்சென்று அந்தப் பெயர். கௌரம்மா, நஞ்சன்கூடு பி.ஜி. சரசு போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு கணம் தாமதமாகிவிட்டதா, இல்லையா என்று தெரியவில்லை.

"எடுங்கக்கா. பேசுங்க."

"ஆபீஸ்லருந்துப்பா. அப்புறம் பேசிக்கிறேன்."

"ஆபீஸ்தானே? ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் டாக்டரம்மாவுக்கு ஒரு நமஸ்காரம் சொல்றேன்."

போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. மதன் கையை நீட்டினான். பலவந்தமாகப் பிடுங்கவில்லை. கொடு என்று உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். வலது கை தூக்க முடியாமல் நின்ற அஷ்வினி சரசுவின் நினைவுக்கு வந்தாள். அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் இந்தக் கை இப்படித்தான் நீண்டிருக்கும்; அதில் எதையாவது வைக்கிற வரைக்கும் மடங்கியிருக்காது.

சரசு எழுந்தாள். போனைப் புடவைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வெற்றிலைக்காரப் பெண்களின் நடுவில் போய்க் கூடைகளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனாய்தம்மா?" என்றாள் அவர்களில் பருத்த பெண் ஒருத்தி. பசம்மா என்று மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டதற்கு சரசு கன்னடத்தில் உரக்கச் சொன்னாள். இந்த ஆள் மைசூரிலிருந்து என்னைத் தொடர்ந்து வருகிறான், என் போனைக் கேட்கிறான், யாரென்றே எனக்குத் தெரியாது என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பசம்மா எழுந்து நின்று தொடங்கிய வசவு பெட்டியின் கடைசி வரைக்கும் கேட்டது. உட்கார்ந்திருந்த ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மதன் இரண்டு கையையும் தூக்கி, தப்பாக நினைத்துவிட்டார்கள் என்கிற மாதிரிச் சிரித்தான். வண்டி கவலந்தெயில் நின்றதும் இறங்கினான். ஜன்னல் வழியாக சரசுவைப் பார்த்து, "வரேன்க்கா" என்றான்.

பெண்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கும்போதுதான் உறைத்தது. அவன் இறங்கியது தப்பித்துப் போக இல்லை. கவலந்தெயிலிருந்து நஞ்சன்கூடு பின்னால் இருக்கிறது. ரோட்டுக்குப் போனால் பஸ் கிடைக்கும். அவளோ எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறாள்.

பெயரைப் பார்த்துவிட்டானா?

உடனே கௌரம்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்த அம்மாள். இப்போது குரலில் முரட்டுத்தனம் இல்லை. அஷ்வினிதான் கூப்பிடச் சொன்னாள், அந்த அக்காவை நம்பலாம் என்றாள், அதனால் கூப்பிட்டேன் என்று விளக்கத் தொடங்கினாள். சரசு இடைமறித்து விஷயத்தைச் சொன்னாள்.

"அஷ்வினி எங்கம்மா இப்ப?"

ஃபாக்டரியில் இருந்தாள். தையல் யூனிட். தீபா பள்ளிக்கூடத்தில். இரண்டும் ஊரின் இரண்டு மூலையில் இருந்தன.

கௌரம்மா செருப்பை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சரசு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினாள். வெறும் ஒரு பிளாட்பாரம், ஒரு புளியமரம், சுற்றிலும் வயல். திரும்பிப் போக வண்டி எப்போது வருமோ. ரோடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. டாக்டர் ஸ்ரீதேவியைக் கூப்பிட்டாள். டாக்டர் பதறவில்லை; போலீஸுக்கும் அந்தப் பெண்கள் அமைப்புக்கும் சொல்கிறேன், நீங்கள் தனியாக நிற்காதீர்கள் என்றார். நிற்காமல் எங்கே போவது? புளியமரத்தடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. அந்தக் குழந்தையைத் தன்னை மறக்காமல் வைத்திருக்கத்தான் வருஷா வருஷம் போன் செய்தாள். அது மறக்கவில்லை, அவள் நம்பரைக்கூட. யாருடைய போனையோ எடுத்து ஒளிந்து நின்று கூப்பிட்டது. சரசு நல்லபடியாகச் செய்த வேலை அது. அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டான். அப்பா வந்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் டீச்சர் அனுப்பிவிடுவாளே. எந்தத் தகப்பனையும் யார் சந்தேகப்படுகிறார்கள்?

கௌரம்மாவை இரண்டு தடவை கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட பயமாக இருந்தது. அடிக்கிற போனை வேறு யாராவது எடுத்துவிட்டால்?

கடைசியில் போன் வந்தது. கௌரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"மகு நன் ஹத்ரனே இதே." குழந்தை என் கிட்டத்தான் இருக்கிறது.

சரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் விட்டு அழுதாள். வயலில் வேலை செய்துகொண்டிருந்த யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

கௌரம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் தீபாவை ஏற்றிக்கொண்டு நேரே ஃபாக்டரிக்குப் போய் அஷ்வினியை வெளியே வரவழைத்தாள். பெண்கள் அமைப்பின் வண்டி வரும் வரை மூவரும் ஃபாக்டரி வாட்ச்மேன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலத்துக்கு முன்னால் அஷ்வினியும் தீபாவும் நஞ்சன்கூட்டை விட்டுப் போய்விட்டார்கள்.

மதன் பெயரைப் பார்த்துத்தான் இருந்தான். அன்றைக்கு மத்தியானமே பி.ஜி. வாசலில் வந்து நின்றான். முதலில் மரியாதையாகக் கேட்டான். அஷ்வினி இல்லை என்றதும் கதவை உதைத்தான், கண்ணாடியை உடைத்தான், தடுக்க வந்த பெண் ஒருத்தியின் கையைத் திருகினான். தெரு ஜனம் பிடித்துப் போலீஸில் கொடுத்தார்கள். அவன் ஆட்டோக்காரனுக்குரிய காக்கிச் சட்டைக்குள் ஒரு கத்தி வைத்திருந்ததாகக் கௌரம்மா பிறகு போனில் சொன்னாள். லோடு கயிறு அறுக்க வைத்திருந்தேன் என்றானாம். இருக்கலாம். சரசு அதன் பிறகு வெகு நாள் அந்தக் கத்தியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். ட்ரெயினில் எதிரே உட்கார்ந்து கையை நீட்டியபோது அது அவனிடம்தானே இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து மையத்தின் போனுக்கு அஷ்வினி பேசினாள். டாக்டர் ஸ்ரீதேவி போனை சரசுவிடம் கொடுத்தார்.

"அக்கா, நல்லா இருக்கறீங்களா?"

"நான் இருக்கேன்மா. நீ எங்க இருக்கேன்னு மட்டும் எனக்குச் சொல்லாத."

"சொல்லலீங்க்கா" என்றாள் அஷ்வினி. "ஒண்ணு கேக்கோணும். தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க ரெண்டு பேரு பேரையும் சர்வேல இருந்து எடுத்துப்போடலாமுங்களா?"

இந்த வாக்கியத்தை சரசு எத்தனையோ வாசல்களில் கேட்டிருக்கிறாள். கேட்டதும் சொல்ல அவளிடம் எப்போதும் பதில்கள் இருந்தன. போன வருஷம் என்ன செய்தோம் என்பாள், அடுத்த வருஷம் என்ன செய்வோம் என்பாள், குழந்தையைக் கொஞ்சுவாள். இப்போதும் வழி இருந்தது. வேறு ஊரில் யாராவது ஒரு நர்ஸை வைத்து அளக்கலாம். அஷ்வினியே போன் செய்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டரும் எதிரே உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

ஆனால் எந்த வழியானாலும் யாராவது ஒருத்திக்கு அஷ்வினி இருக்கும் இடம் தெரிந்திருக்கும். அந்த ஒருத்தியின் பின்னால் மதன் நடந்தால் போதும்.

"எடுத்துடலாம்மா" என்றாள் சரசு. "இப்பவே எடுத்துடலாம். யாரும் உன்னைத் தேட மாட்டாங்க. நான் சத்தியமா தேட மாட்டேன்."

டாக்டர் ஸ்ரீதேவி தலையசைத்தார். மறுமுனையில் தீபா ஏதோ கேட்பதும், அஷ்வினி அடக்குவதும் கேட்டது.

"பாப்பா உங்ககிட்டப் பேசோணுங்கறா."

"வேணாம்மா. சாப்பிடச் சொல்லு அவளை. வெக்கறேன்" என்று சரசு வைத்துவிட்டாள். பிறகு பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் முகம் கழுவினாள்.

மதன் ஜாமீனில் வெளியே வந்தான். ஒரு நாள் மையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று சரசுவைப் பார்த்துக் கை ஆட்டினான். அதற்குள் அமைப்பைச் சேர்ந்த வக்கீல் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியிருந்தார்; போலீஸ் கூப்பிட்டு எச்சரித்ததும் டீக்கடைப் பக்கம் அவனைக் காணவில்லை. ஊரை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். காணவில்லை என்பதே சரசுவுக்குப் பெரிய பயமாகிவிட்டது. நின்றுகொண்டிருந்தபோதாவது எங்கே இருக்கிறான் என்று தெரிந்திருந்தது.

வேலையை விட்டுவிடு என்று மாரிசாமி சொன்னார். சண்டை போட்டுச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நீ இவ்வளவு பேரைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது போதும் சரசு. மெஸ்ஸுக்கு வா. காய் நறுக்கினாலும் நிம்மதியா இருக்கலாம்."

அவள் போகவில்லை. ஆனால் பழைய மாதிரி அந்த வேலையைச் செய்யவும் அவளால் முடியவில்லை. மையத்தில் டாக்டர் ஸ்ரீதேவியோடு உட்கார்ந்து புதிதாகச் சில கட்டுப்பாடுகள் போட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பிரிந்த வீடு என்றால் யாரும் நேரில் தேடிப் போகக் கூடாது. அந்தப் பெண் தானாகக் கூப்பிட்டால்தான் பேச வேண்டும். கூப்பிடவில்லை என்றால் அவள் போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்த மீனா என்ற பெண், அப்படியானால் நிறையப் பேர் விட்டுப் போய்விடுவார்களே என்று கேட்டாள். விடட்டும் என்றாள் சரசு. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறந்த நாள் அழைப்புகளை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் பேசி முடித்ததும், "என் நம்பரை வேற யார் கேட்டாலும் கொடுக்காதடா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

போன தசராவுக்கு முன்னால் அவளும் மாரிசாமியும் தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கப் போயிருந்தார்கள். பூக்கடைக் கூட்டத்தில் ஒரு பெண் குழந்தையின் பின்தலை தெரிந்தது. இரட்டைப் பின்னல், ஒரு தோள் கொஞ்சம் சாய்ந்த நடை. பக்கத்தில் ஒரு பெண் வலது கையைத் தூக்காமல் இடது கையால் குழந்தையைப் பிடித்திருந்தாள். சரசுவின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. இரண்டு கடை தூரம் நடந்தும்விட்டாள். கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மெதுவாகத் திரும்பி, தனக்குப் பின்னால் வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெரிந்த முகம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவள் முன்னால் போகவில்லை.

"யாரையாச்சும் பாத்தியா?" என்றார் மாரிசாமி.

"யாரும் இல்ல" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பி, வேண்டாத ஒரு கடையில் நின்று வெகு நேரம் மஞ்சள் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்து அந்த இருவரும் தூரமாகப் போயிருப்பார்கள் என்று தோன்றிய பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.